சேலம் மாவட்டக் கள்ளுக்கடைகளும் 1937 மதுவிலக்கும்

சேலம் மாவட்டக் கள்ளுக்கடைகள் என்பவை இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்கள் ஒன்றாயிருந்த பழைய சேலம் மாவட்டத்தில் அரசு உரிமம் பெற்று நடந்துவந்த கள் விற்பனை நிலையங்கள் ஆகும். 1937 அக்டோபர் 1 அன்று இவை அனைத்தும் ஒரே நாளில் மூடப்பட்டன. அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ச. இராசகோபாலாச்சாரி (இராஜாஜி) மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைப்படுத்திய மாவட்டம் சேலம்தான். அக்காலத்தில் மாகாண அமைச்சரவையின் தலைவரைப் பிரதமர் என்றே அழைத்தனர்.

இந்த நிகழ்ச்சியைப் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் சொல்லிவிடும். மூடப்பட்ட கடை எப்படி இருந்தது, அங்கே கள் எவ்வாறு வந்தது, அதனால் பிழைத்தவர் யார், கெட்டவர் யார் என்பவற்றை அவை பெரும்பாலும் சொல்வதில்லை. இவற்றை அறியாமல் மதுவிலக்கின் நன்மை தீமைகளைப் பேசுவது அரைகுறைப் பேச்சாகவே முடியும்.

மரங்களும் கள்ளும்

சேலம், நாமக்கல் சமவெளி பெரும்பாலும் செம்மண் மேட்டு நிலம். சோளம், கம்பு, நிலக்கடலை ஆகியவை மழையை நம்பி விளையும் இந்நிலத்தின் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் பனை தானாக வளர்ந்தது. காவிரியை ஒட்டிய மோகனூர், பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம் பகுதிகளில் வாய்க்கால் பாசனம் இருந்ததால் தென்னை மிகுதி. வடக்கே அரூர், ஊத்தங்கரைப் பக்கத்து ஓடைக்கரைகளில் ஈச்சமரங்கள் இருந்தன. இம்மூன்று மரங்களிலிருந்தும் கள் இறக்கப்பட்டது.

கள் இறக்குதல் கடினமான தொழில். மரமேறுபவர் காலில் தளை மாட்டிக்கொண்டு, மார்பை மரத்தோடு அணைத்து ஏறுவார். பூம்பாளையைக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைக் கூரிய கத்தியால் மெல்லிதாகச் சீவிவிடுவார். சீவிய இடத்திலிருந்து சொட்டும் சாறு அங்கே கட்டப்பட்ட மண்கலயத்தில் சேரும். காலையும் மாலையும் பாளையைச் சீவ வேண்டும். ஒருநாள் தவறினாலும் சீவிய வாய் காய்ந்து சாறு நின்றுவிடும். ஆகவே பருவம் தொடங்கிவிட்டால் மரமேறுபவருக்கு நோய் என்றும் நோன்பு என்றும் விடுமுறை கிடையாது. பனைக்குத் தை, மாசியில் தொடங்கி ஆனி வரையில்தான் பருவம். தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடும்.

கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது பதநீர். கொங்குப் பகுதியில் இதனைத் தெளுவு என்பர். சுண்ணாம்பு தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சாற்றிலுள்ள சர்க்கரையைச் சில மணி நேரத்தில் புளிக்கச் செய்துவிடும், அதுவே கள். ஒரே மரம், ஒரே ஆள், ஒரே சாறு. நடுவில் உள்ள வேறுபாடு ஒரு விரல் சுண்ணாம்புதான். பின்னாளில் சட்டமும் இந்தச் சுண்ணாம்பைத்தான் பிடித்துக்கொண்டது.

கள்ளின் இன்னொரு தன்மையும் இங்கே கவனிக்கத்தக்கது. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் கடுத்துவிடும். மறுநாள் புளிக்காடி ஆகத் தொடங்கும். அதனைத் தொலைதூரம் கொண்டுபோகவோ சேமித்து வைக்கவோ அக்காலத்தில் வழி இல்லை. ஆகவே மரம் எங்கே உண்டோ அதற்கு அருகில்தான் கடையும் இருக்க முடியும். ஒவ்வொரு கள்ளுக்கடையும் அந்தந்த ஊரின் மரங்களை நம்பியே நடந்தது. சாராயம் அப்படியல்ல. அது ஆலையில் காய்ச்சப்பட்டு, பீப்பாயில் ஏறி, எத்தனை கல் தொலைவுக்கும் போகும். நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியார் நடத்திய ஆலை போன்றவை மாகாணத்தின் பல பகுதிகளுக்குச் சாராயம் அளித்துவந்தன.

கள் இந்நாட்டிற்குப் புதியதும் அன்று. தகடூரை (இன்றைய தருமபுரியை) ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் (235), அவன் தன்னைச் சூழ்ந்தோருடன் கள்ளைப் பகிர்ந்துகொண்ட பண்பை நினைவுகூர்கிறது. திருவள்ளுவரோ கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே (93) வகுத்தார். இரு குரல்களும் பழைய காலம் முதலே தமிழில் உண்டு.

சந்தையும் கடையும்

இப்பகுதியின் ஊர்ப்பெயர்கள் சிலவற்றிலேயே சந்தை இருக்கிறது. சேலம் நகரின் செவ்வாய்ப்பேட்டை, நாமக்கல் மாவட்டத்தின் புதன்சந்தை ஆகியவை வாரச்சந்தையால் பெயர் பெற்றவை. மாடு, தானியம், துணி, பருத்தி யாவும் சந்தையில் கைமாறின. நெசவாளிக்கும் பண்ணைக் கூலியாளுக்கும் கையில் காசு புழங்கும் நாளும் அதுதான். கள்ளுக்கடை இந்தச் சந்தைவழியை ஒட்டி, ஊருக்குச் சற்று வெளியே, மேட்டிலோ தோப்பிலோ அமைந்திருக்கும். கடை என்று சொன்னாலும் பெரும்பாலும் ஓலைக்கொட்டகைதான். மண்பானைகள், அளந்து ஊற்ற மொந்தை, குடிக்கப் பனையோலைப் பட்டை, உட்கார மண்தரை. இவ்வளவே தட்டுமுட்டுச் சாமான். பக்கத்தில் சாக்கணாக் கடை இருக்கும். காரமான கறியும் சுண்டலும் அங்கே கிடைக்கும்.

நாள் முழுவதும் வெயிலில் உழைத்தவர்கள் சற்று நேரம் உட்கார்ந்து பேச ஊரில் வேறு இடம் இருக்கவில்லை. கோயிலின் உள்ளே எல்லாச் சாதியாருக்கும் இடமில்லை; சாவடி பெரியவர்களுக்கு உரியது; தேநீர்க் கடை இன்னும் சிற்றூர்களுக்கு வந்து சேரவில்லை. மாடு விலைபேசியது, கூலிக்கு ஆள் பேசியது, வழக்கை வளர்த்தது, தீர்த்தது என யாவும் அங்கே நடந்தன. கள்ளுக்கடை வெறும் குடியிடமாக மட்டும் இருந்திருந்தால் அதனை மூடுவது எளிதாக இருந்திருக்கும்.

மதிப்புடையவர் என்று பெயர் எடுத்தவர் அந்தக் கொட்டகைப் பக்கம் போகமாட்டார். ஆனால் அவருடைய வரப்பிலுள்ள பனைமரங்கள் கள்ளுக்கு விடப்பட்டிருக்கும். மரத்துக்கு இவ்வளவு என்று வாடகை அவர் வீட்டுக்கு வந்துவிடும். குடிப்பவனுக்குக் கெட்ட பெயர். மரம் விட்டவருக்கு வருமானம். இந்த முரண்பாட்டை வெளிப்படையாக எதிர்கொண்டவர்களுள் ஒருவர் ஈ. வெ. இராமசாமி (பெரியார்). காங்கிரசில் இருந்த காலத்தில், 1921 கள்ளுக்கடை மறியலின்போது, சேலம் தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமாயிருந்த தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைமரங்களை வெட்டிச் சாய்க்கச் செய்தார் என அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. காய்க்கும் மரத்தை வெட்டியது தக்கதா என்ற கேள்வி இன்றும் எழுப்பப்படுகிறது. தம்முடைய மரத்தில் தொடங்கினார் என்பதை மறுக்க முடியாது.

ஏலம்

கள்ளுக்கடையின் கதையில் மரத்தைவிடவும் குடிப்பவனைவிடவும் முக்கியமானது ஏலம். 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள், சாராயம் ஆகியவற்றை முழுமையாக அரசின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. ஆப்காரி என்பது மதுவரியைக் குறிக்கும் பாரசீகச் சொல்.

கள்ளிலிருந்து அரசுக்கு இரு வழிகளில் பணம் வந்தது. முதலாவது மரவரி. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு அடையாளமிட்டு வரி வாங்கினர். தென்னைக்கு அரையாண்டுக்கு ஒருமுறை, பருவத்தில் மட்டும் பயன்தரும் பனைக்கு ஆண்டுக்கு ஒருமுறை என்பது கணக்கு. இரண்டாவது கடை ஏலம். ஒவ்வொரு கடையிலும் விற்கும் உரிமை ஆண்டுதோறும் ஏலம் விடப்பட்டது. யார் மிகுதியாகக் கேட்கிறாரோ அவருக்குக் கடை.

இதன் விளைவை எளிய கணக்காகவே காணலாம். குத்தகைதாரருக்குக் கடை ஓராண்டுக்குத்தான் சொந்தம். கட்டிய பணத்தை அதற்குள் எடுத்தாக வேண்டும்; அடுத்த ஆண்டு வேறொருவர் வந்துவிடலாம். ஆகவே அளவாகக் குடிப்பவனால் அவருக்குப் பயனில்லை. மிகுதியாகக் குடிப்பவன் வேண்டும். காசு இல்லாதபோதும் குடிப்பவன் வேண்டும். கடன் கணக்கு வளர்ந்தது. கூலி வாங்கும் நாளில் பணம் வீட்டுக்குப் போகுமுன் கடைக்குப் போயிற்று. ஊரார் தொன்றுதொட்டு அளவோடு குடித்துவந்த ஒன்றை, விற்றே தீர வேண்டிய சரக்காக மாற்றியது இந்த ஏலமுறையே எனலாம். பழியைப் பனைமரத்தின்மீது போடுவது எளிது. வரியாண்டு முடிவில் கச்சேரியில் ஒலித்த ஏலக்குரலுக்கே அதில் பெரும்பங்கு உண்டு.

மாகாண அரசும் இந்தப் பணத்துக்கு அடிமைப்பட்டிருந்தது. மதுவரி, சென்னை மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக இருந்தது. 1920 முதல் 1937 வரை நடந்த இரட்டையாட்சியில் கல்வியும் மதுவரியும் இந்திய அமைச்சர்களிடமே விடப்பட்டன. பள்ளிக்கூடம் நடத்தப் பணம் வேண்டுமானால் மதுவரியைத்தான் நம்ப வேண்டும் என்ற நிலை. தகப்பன் குடித்தால்தான் பிள்ளைக்குப் பள்ளி என்னும் இந்த ஏற்பாட்டைக் காந்தியடிகள் 1937இல் தம் அரிசன் இதழில் கடுமையாகக் கண்டித்தார்.

இங்கிலாந்தின் ஊர்ப்புற மதுக்கூடம்

இந்த ஏலமுறையைக் கொண்டுவந்தவர்கள் தங்கள் சொந்த நாட்டில் அவ்வாறு செய்யவில்லை என்பது கருதத்தக்கது. இங்கிலாந்தின் சந்தை நகரங்களில் பப் எனப்படும் மதுக்கூடம் ஊர் வாழ்க்கையின் நடுவே இருந்தது. சந்தை நாளில் உழவர் அங்கே கூடித் தானிய விலை பேசினர், வழிப்போக்கர் தங்கினர், சங்கங்கள் கூட்டம் நடத்தின. பெயர்ப்பலகையில் சிங்கமோ அன்னமோ வரைந்த அந்தக் கட்டடம் பல தலைமுறைகள் ஒரே இடத்தில் நின்றது. அங்கே ஊற்றப்பட்ட ஏல் என்னும் பார்லி மதுவும் முற்காலத்தில் கள்ளைப் போலவே உள்ளூர்ச் சரக்குதான்.

1552ஆம் ஆண்டுச் சட்டம் முதல் அங்கே உரிமம் தரும் பொறுப்பு உள்ளூர் நீதிபதிகளிடம் இருந்தது. நடத்துபவர் ஒழுங்கானவரா, அவர் கடையில் கலகம் இல்லாமல் இருக்குமா என்பதே கேள்வி. மிகுதியாகப் பணம் கேட்டவர் யார் என்பதன்று. கடைக்காரருக்குத் தம் பெயரைக் காத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருந்தது. அங்கும் குடியால் அழிந்த குடும்பங்கள் ஏராளம். 1830களில் பிரஸ்டன் நகரத் தொழிலாளர்கள் முழு மதுவிலக்கு உறுதிமொழி எடுத்து ஓர் இயக்கத்தையே தொடங்கினர். ஆயினும் கடையின் அமைப்பிலேயே குடியைப் பெருக்கும் ஓராண்டு அவசரம் இருக்கவில்லை.

இன்னொரு செய்தி நம் மாணவர்க்கு வியப்பளிக்கும். முதல் உலகப் போரின்போது, வெடிமருந்துத் தொழிலாளர்கள் பெருகிய கார்லைல் நகரிலும் சுற்றுப்புறத்திலும் பிரித்தானிய அரசே 1916இல் மதுக்கூடங்களை விலைக்கு வாங்கி நடத்தத் தொடங்கியது. கடை மேலாளர்களுக்குச் சம்பளம் மட்டும் உண்டு. மது மிகுதியாக விற்றால் ஊக்கத்தொகை கிடையாது. உணவு விற்பனை ஊக்குவிக்கப்பட்டது. 1970களின் தொடக்கம் வரை இந்த ஏற்பாடு நீடித்தது. அரசு மதுக்கடை நடத்துவது தமிழ்நாட்டின் கண்டுபிடிப்பன்று. நடத்தும் நோக்கம்தான் வேறு.

புதுப்பாளையம் ஆசிரமம்

சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் பணியாற்றிய இராஜாஜி, 1925 பிப்ரவரி 6 அன்று திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அதற்கான நிலத்தை அவ்வூர் ஜமீன்தார் இரத்தினசபாபதி கவுண்டர் அளித்தார். கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகிய மூன்றும் ஆசிரமப் பணிகள்.

மழை பொய்க்கும் அவ்வட்டாரத்தில் நூற்புக் கூலி ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் பெண்கள் நூற்றுச் சேர்த்த காசும் ஆண்கள் கூலியாகப் பெற்ற காசும் கடைசியில் எங்கே போகின்றன என்பதை ஆசிரமத்தார் நேரில் கண்டனர். கதரும் மதுவிலக்கும் வேறுவேறு அல்ல என்ற முடிவுக்கு இராஜாஜி வந்தது இந்தக் கிராமங்களில்தான். மதுவிலக்குக்காகவே விமோசனம் என்ற தமிழ் இதழ் அங்கிருந்து வெளிவந்தது. அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் பின்னாளில் கல்கி என்று புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி. படங்களும் கதைகளுமாக, எழுத்துக்கூட்டிப் படிப்பவர்க்கும் புரியும்படி எழுதப்பட்ட அவ்விதழ் ஓராண்டளவே நடந்தது. ஒரு கருத்தை மட்டுமே சொல்லும் இதழ் சலிப்பூட்டாமல் இருப்பது அரிது. அதைச் செய்து காட்டியதில் கல்கியின் நகைச்சுவைக்குப் பங்கு உண்டு.

1937 அக்டோபர் 1

1937 சூலையில் இராஜாஜி அமைச்சரவை பொறுப்பேற்றது. சில வாரங்களிலேயே மதுவிலக்குச் சட்டம் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. மாகாணம் முழுவதும் ஒரேயடியாகச் செய்யாமல் ஒரு மாவட்டத்தில் தொடங்குவது என முடிவாயிற்று. தாம் நன்கறிந்த சேலத்தையே இராஜாஜி தேர்ந்தெடுத்தார். அமெரிக்க நாடு பதின்மூன்று ஆண்டுகள் மதுவிலக்கை நடத்திப் பார்த்து 1933இல் கைவிட்டிருந்த சமயம் அது. தோற்றுப்போன திட்டம் என்று உலகம் பேசிக்கொண்டிருந்தபோது, இருபது லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஒரு மாவட்டத்தில் அது தொடங்கப்பட்டது.

அச்சமயம் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்தவர் டிக்சன் என்ற ஆங்கிலேய ஐ.சி.எஸ். அதிகாரி. பப்கள் நிறைந்த நாட்டில் பிறந்தவர் கையில்தான் கள்ளுக்கடைகளை மூடும் வேலை வந்து சேர்ந்தது. கள் இறக்குவது, காய்ச்சுவது, விற்பது, வைத்திருப்பது, குடிப்பது யாவும் குற்றமாயின. மருந்துக்கும் கிறித்தவ வழிபாட்டுக்கும் விலக்கு இருந்தது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் தெளுவு இறக்க உரிமம் பெறலாம். கடைக்குப் பதிலாக மாலை நேரங்களில் விளையாட்டு, பசனை, நாடகம் ஆகியவற்றை ஏற்பாடு செய்ய அரசு முயன்றது. தேநீர்க் கடைகள் பெருகியதும் இக்காலத்தில்தான்.

முதல் ஆண்டுகளில் பலன் தெரிந்தது. பொருளியல் ஆய்வாளர்கள் ஊர்களுக்குச் சென்று குடும்பச் செலவுகளைக் கணக்கெடுத்தனர். கூலி வீட்டுக்கு வந்தது; உணவுக்கும் துணிக்கும் செலவு கூடியது. பெண்கள் இத்திட்டத்தை வரவேற்றனர் என்பதில் ஆதரித்தோரும் எதிர்த்தோரும் கருத்து வேறுபடவில்லை. கள்ளுக்கடையின் கூடிப்பேசும் இன்பத்தைப் பற்றி எழுதுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து பேச இடம் கிடைத்தது ஆண்களுக்குத்தான். அதற்கான விலையை அடுப்படியில் இருந்தவர்களும் கொடுத்தார்கள். 1937 அக்டோபருக்குப் பிறகு அவர்கள் கண்ட நிம்மதி உண்மையானது.

எல்லைகள் தொல்லை தந்தன. காவிரிக்கு இக்கரையில் உள்ள பள்ளிபாளையமும் குமாரபாளையமும் சேலம் மாவட்டம். அக்கரையில் உள்ள ஈரோடும் பவானியும் அன்று கோயம்புத்தூர் மாவட்டம். அங்கே கடைகள் வழக்கம்போல் நடந்தன. ஆற்றைக் கடந்தால் கள் கிடைக்கும் என்ற நிலையில் சட்டம் ஆற்றோடு நின்றது. மலைப்பகுதிகளில் வெல்லமும் வேலம்பட்டையும் ஊறப்போட்டுக் காய்ச்சும் பட்டைச் சாராயமும் ஒழியவில்லை.

1938இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும் அடுத்த ஆண்டு வடஆர்க்காட்டுக்கும் மதுவிலக்கு விரிவாயிற்று. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்த முதல் மாகாணம் சென்னையே. அதே ஆண்டில் கேளிக்கை வரியும் வந்தது. குடிப்பவனிடம் மட்டும் வாங்கிய பணத்தை எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது என்பது இதன் கருத்து. மதுவிலக்கு பின்னர் போயிற்று, வந்தது, மறுபடியும் போயிற்று. விற்பனை வரி மட்டும் ஒருநாளும் போகவில்லை.

மரமேறிகள்

மதுவிலக்கின் கணக்கில் செலவுப் பக்கம் எழுதப்பட வேண்டியவர்கள் மரமேறிகள். குத்தகைதாரர் வேறு வாணிகத்துக்குப் போகலாம். நிலக்காரருக்கு நிலம் உண்டு. பனையேறத் தவிர வேறு தொழில் கற்காதவர்க்கு அக்டோபர் முதல் நாளோடு வேலை நின்றது.

அவர்களுக்குச் சொல்லப்பட்ட மாற்று, தெளுவு இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவது. இது ஏட்டில் நல்ல வழி. நடைமுறையில் இடர்கள் பல. கள் விற்பவருக்கு இறக்கியவுடன் காசு. கருப்பட்டிக்கோ விறகு வேண்டும், அகலக் கொப்பரை வேண்டும், வீட்டுப் பெண்கள் பகலெல்லாம் அடுப்பின் முன் நிற்க வேண்டும். மரம் குறைந்த மேட்டு நிலத்தில் விறகுக்கு எங்கே போவது? விலையிலோ கரும்பு வெல்லத்தோடு போட்டி. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின் பாசனம் பெருகிய இடங்களில் கரும்பும் பெருகியது. பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் பின்னாளில் ஏற்பட்டு ஓரளவு உதவின. ஆயினும் உரிமத்துக்கு அலைவதும், கலயத்தில் சுண்ணாம்பு போதவில்லை என்று வழக்குக்கு ஆளாவதும் அத்தொழிலின் பகுதியாயின. பிள்ளைகள் பனையேற வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மதுவிலக்கு ஏழைப் பெண்களுக்குச் செய்த நன்மைக்கான விலையை இன்னொரு ஏழைத் தொழிலாளர் கூட்டம் கொடுத்தது. இதனை முன்கூட்டியே எண்ணிப் போதிய ஈடு செய்யாதது அத்திட்டத்தின் பெருங்குறை.

பின்னாளில்

1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியது. போர்க்கால ஆளுநராட்சியில் மதுவிலக்கு தளர்ந்தது. 1946இல் மீண்டும் தொடங்கி, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சிக் காலத்தில் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 1971 ஆகத்து இறுதியில் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்திக் கடைகளைத் திறந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அவை படிப்படியாக மூடப்பட்டன. 1981இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் மறுபடியும் வந்தன. பழைய ஏலமும் அவற்றோடு வந்தது.

1987 சனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. ஆனால் ஆலையில் செய்து புட்டியில் அடைத்த மதுவுக்குத் தடை இல்லை. 1983இல் மொத்த வணிகத்துக்காக அமைக்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம், 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. இங்கே அரசே கடைக்காரர் என்பதால் கார்லைல் நினைவுக்கு வரலாம். அங்கே விற்பனையைக் குறைக்க அரசு கடையை எடுத்தது. இங்கே மதுவரி மீண்டும் மாநில வருவாயின் தூண்களில் ஒன்றாகிவிட்டது.

சமவெளியின் வரப்புப் பனைகளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. நாமக்கல்லில் விற்கும் புட்டிக்கும் நாகர்கோவிலில் விற்கும் புட்டிக்கும் வேறுபாடு கிடையாது. ஈரோடு, நாமக்கல் பகுதி உழவர்கள் பலர் கள் இறக்க உரிமை கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வருகின்றனர். கேரளத்திலும் புதுச்சேரியிலும் அனுமதிக்கப்பட்டது இங்கே ஏன் கூடாது என்பது அவர்கள் வாதம். கள்ளைத் திறந்தால் கலப்படமும் பின்தொடரும் என்பது எதிர்வாதம். 1981க்குப் பிந்தைய கடைகளில் கள்ளில் போதை மாத்திரை கலந்ததாகக் குற்றச்சாட்டுகள் எழுந்ததை அவர்கள் எடுத்துக்காட்டுவர். அதுவும் ஏலப் பணத்தை ஓராண்டுக்குள் எடுக்கும் அவசரத்தின் விளைவே. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது இந்த விவாதம் மறுபடியும் சூடுபிடித்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டது சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான்.

2017இல், சேலம் மாவட்டம் எடப்பாடியைச் சேர்ந்த முதலமைச்சரின் ஆட்சியில், தென்னையிலிருந்து நொதிக்காத நீரா பானம் இறக்க அனுமதி அறிவிக்கப்பட்டது. நீரா என்பது பழைய தெளுவின் உறவுதான். புளிக்காமல் காக்கக் குளிர்பெட்டி வேண்டியிருப்பதால் அது சிற்றூர் மரமேறியின் கைக்கு எட்டும் தொழிலாக இன்னும் ஆகவில்லை. இதற்கிடையே ஏறுவோர் இல்லாத பனைகள் செங்கற்சூளை விறகுக்காக வெட்டப்பட்டு வந்தன. 2021இல் தமிழ்நாடு அரசு, மாவட்ட ஆட்சியர் அனுமதியின்றிப் பனைமரத்தை வெட்டக் கூடாது என அறிவித்தது.

ஈரோடு நகரில் கள்ளுக்கடை மேடு என்ற இடப்பெயர் இன்றும் வழங்குகிறது. பேருந்து நடத்துநர்கள் அப்பெயரைச் சொல்லித்தான் பயணிகளை இறக்கிவிடுகின்றனர்.